அப்பலாச்சியன் ஸ்டேட் 2007: பழைய ஆட்டங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் அமெரிக்காவின் அப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவர்களின் அமெரிக்கக் கால்பந்து அணியின் 2007 சீசனைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார். அவர் புண்ணியத்தில் எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது.

பெரிய அணியான மிச்சிகனை அவர்கள் ஊரிலேயே 34-32 என வீழ்த்திய ஆட்டம் எல்லாருக்கும் தெரியும். கடைசி நொடிகளில் மிச்சிகன் உதைத்த ஃபீல்ட் கோலை (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பது) அப்பலாச்சியன் வீரர் கோரி லிஞ்ச் தடுத்த காட்சி இணையம் முழுக்கக் கிடைக்கிறது. அப்போது மிச்சிகன் 85 பேருக்கு விளையாட்டு உதவித்தொகை தரலாம், இவர்கள் இருந்த, ஒரு படி கீழான எஃப்சிஎஸ் பிரிவில் மொத்தம் 63 உதவித்தொகைதான். சரி, எனக்கு வேண்டியது அது இல்லை.

அதே அணி அப்புறம் வொஃபோர்டிடமும் ஜார்ஜியா சதர்னிடமும் தோற்றது. பட்டத்துக்கான நாக்அவுட் கட்டமான பிளேஆஃபின் முதல் சுற்றில் ஜேம்ஸ் மேடிசனை 28-27 என ஒரே புள்ளியில் தாண்டியது. கடைசியில் எதிரணி பந்தைத் தவறவிடாமல் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்! அரையிறுதியில் ரிச்மண்டுக்கு எதிராக குவாட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்தும் வீரர்) அர்மான்டி எட்வர்ட்ஸ் பந்தோடு ஓடியே 313 கெஜம் எடுத்தார். இறுதியில் டெலவேரை 49-21 என வென்று தொடர்ந்து மூன்றாவது பட்டம்.

தோற்ற இரண்டு ஆட்டங்கள், ஜேம்ஸ் மேடிசன் ஆட்டம், இந்த மூன்றின் முழுப் பதிவு யாரிடமாவது இருக்கிறதா? துண்டு துண்டான ஹைலைட்ஸ் வேண்டாம். உள்ளூர் வானொலி வர்ணனை கிடைத்தாலும் போதும். இன்னொன்று: இரண்டு தோல்விக்குப் பிறகும் 16 அணிகள் கொண்ட பிளேஆஃபுக்கு எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று விளக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். நண்பரைக் கேட்டால் மறுபடியும் மிச்சிகனுக்கே போய்விடுகிறார்.