உதவி: என் புனைமொழியைப் பாட வைக்கும் நிரலில் வேண்டாத 'ச' ஒலிக்கிறது, இடைவெளியும் வளர்ந்துகொண்டே போகிறது

அரைமாத்திரை (கேள்வி):

வணக்கம். எனக்கு வயது 17. இரண்டு ஆண்டுகளாக எனக்கென்று ஒரு மொழியைக் கட்டி வருகிறேன். அதை எழுதத் தமிழ் எழுத்துகளையே பயன்படுத்துகிறேன் என்றாலும், மெய்கள் ஏழு மட்டுமே: ச, ர, க, ம, ப, த, ந. சுரங்களின் எண்ணிக்கையும் ஏழு என்பதால், ஒவ்வொரு மெய்க்கும் அதனதன் சுரத்தைக் கொடுத்துவிட்டால் எழுதியதை அப்படியே இசையாகக் கேட்கலாம் என்று தோன்றியது. பைத்தான் நிரல்மொழியில், மிடி எனப்படும் இசைக் கட்டளைக் கோப்புகளை எழுத உதவும் மிடோ நூலகத்தைக் கொண்டு ஒரு நிரல் எழுதினேன். ச 60, ர 62, க 64, ம 65, ப 67, த 69, ந 71 என்று மிடி எண்களை ஓர் அகராதியில் வைத்திருக்கிறேன். உரையை எழுத்தெழுத்தாகப் படித்து, அந்தந்த எண்ணை மிடி கோப்பில் எழுதுவதுதான் நிரலின் வேலை.

மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது, 'கொதாமி' என்ற சொல்லுக்கு 64, 69, 65 என்று மூன்று ஒலிகள் வர வேண்டும். ஆனால் 64, 60, 69, 60, 65, 60 என்று ஆறு வருகின்றன. பழைய மடிக்கணினியில் தட்டச்சு செய்த கோப்பிலிருந்து அதே சொல்லை எடுத்தால் ஏழு வருகின்றன. 'பதந' போன்ற சில சொற்கள் மட்டும் எந்தப் பிழையும் இல்லாமல் ஒலிக்கின்றன. இரண்டாவது, ஒலிகளுக்கு இடையே உள்ள இடைவெளி போகப் போக நீள்கிறது. நாலரை நொடியில் தொடங்க வேண்டிய பத்தாவது ஒலி 27ஆம் நொடியில்தான் தொடங்குகிறது.

மூன்றாவது சிக்கல் நிரலைச் சேர்ந்ததா, மொழியைச் சேர்ந்ததா என்று எனக்கே விளங்கவில்லை. என் மொழியில் ஏற்ற இறக்கம் பொருளை மாற்றும். 'கொதாமி' என்பதை ஏற்றி இறக்கிச் சொன்னால், மழை விட்ட பிறகு ஈரத்தரையில் தெரியும் வெளிச்சம் என்று பொருள். இறக்கி ஏற்றிச் சொன்னால், நாக்கு நுனியில் நின்றுகொண்டு வெளியே வராத பெயர் என்று பொருள். ஏற்றத்தைக் கூட்டல் குறியாலும் இறக்கத்தைக் கழித்தல் குறியாலும் எழுதுகிறேன். நிரல் அந்தக் குறிகளை இப்போதைக்குத் தாண்டிச் செல்கிறது. இவற்றை எப்படிச் சேர்ப்பது?

மெட்டுக்கிறுக்கு:

இடைவெளிச் சிக்கல் உங்கள் இயக்கியின் கோளாறாக இருக்கலாம். மிடி கோப்பில் ஒலி கிடையாது, கட்டளைகள் மட்டுமே இருக்கும். அவற்றை ஒலியாக்குவது இயக்கி. கணினி திணறினால் ஒலிகள் தாமதமாகும். வேறோர் இயக்கியில் போட்டுக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அரைமாத்திரை:

இரண்டு இயக்கிகளிலும் கைபேசியிலும் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே 27 நொடிதான்.

நள்ளிரவுத் தட்டச்சு:

மூன்று கருவிகளும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன என்றால் பிழை கோப்பில்தான் இருக்கிறது. அந்த 27 எப்படி வருகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், நீங்கள் எழுதியிருக்கும் வரியை நான் பார்க்காமலே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

மிடி கோப்பில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் எழுதப்படும் நேரம் பாட்டின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுவதன்று. அதற்கு முந்தைய நிகழ்விலிருந்து எத்தனை டிக் (மிடியின் நேர அலகு) கழித்து என்பதுதான் அங்கே பதிவாகிறது. மிடோவில் நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் ஓர் அடிக்கு (தாளத்தின் ஒரு தட்டுக்கு) 480 டிக், நிமிடத்துக்கு 120 அடி. அதாவது ஓர் அடிக்கு அரை நொடி. நீங்கள் ஒவ்வொரு ஒலியின் தொடக்கத்துக்கும் 0, 480, 960 என்று தொடக்கத்திலிருந்தான நேரத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். முடிவுக்கு மட்டும் 480 என்று சரியாகக் கொடுத்திருக்கிறீர்கள். அப்படியானால் பத்தாவது ஒலி தொடங்கும்போது 0 முதல் 9 வரையிலான எண்களின் கூட்டலாகிய 45 அடிகளும், முடிந்துபோன ஒன்பது ஒலிகளின் 9 அடிகளும் சேர்ந்து 54 அடிகள் கடந்திருக்கும். 54 அரை நொடிகள் என்றால் 27 நொடிகள். தொடக்கக் கட்டளைக்கு நேரம் 0 என்று மாற்றிவிடுங்கள். முடிவுக் கட்டளையின் 480ஐத் தொட வேண்டாம்.

அந்த 'ச' பற்றி ஒரு கேள்வி: அகராதியில் இல்லாத எழுத்து வந்தால் நிரல் என்ன செய்கிறது?

அரைமாத்திரை:

நேரத்தை மாற்றினேன், நாலரை நொடிக்கு வந்துவிட்டது. மிக்க நன்றி. அகராதியில் இல்லாத எழுத்துக்கு 60ஐ முன்னிருப்பாகக் கொடுத்திருக்கிறேன். நிரல் இடையில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தேன். ஆனால் 'கொதாமி'யில் அகராதியில் இல்லாத எழுத்து எதுவும் இல்லையே?

புள்ளிக்காரன்:

மூன்று இருக்கின்றன. நம் கண்ணுக்கு 'கொ' ஓர் எழுத்து; பைத்தானுக்கு அது 'க' என்ற குறியும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு. சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள், 6 என்றுதான் வரும். ஒகரக் குறி, கால், இகரக் குறி ஆகிய மூன்றும் உங்கள் அகராதியில் இல்லாததால் மூன்று 'ச' ஒலிக்கின்றன. 'பதந' என்ற சொல்லில் எல்லாமே அகரம் ஏறிய எழுத்துகள். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில், மெய்யின் மேல் ஏறும் அகரத்துக்குத் தனிக் குறி இல்லை. அதனால் அந்தச் சொல் தப்பித்துக்கொண்டது. இந்தத் துப்பைக் கேள்வியிலேயே நீங்கள் கொடுத்துவிட்டதால் என் வேலை எளிதாயிற்று.

பழைய கணினியின் ஏழாவது ஒலிக்கும் காரணம் இருக்கிறது. ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். அந்தப் பழைய விசைப்பலகை மென்பொருள் பிரித்து எழுதியிருக்கிறது. ஆகவே உரையைப் படித்தவுடன், பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ் சார்பைக் கொண்டு, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். அதன் பிறகு, உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அதைத் தனி எழுத்தாக எண்ணாமல் முந்தைய மெய்யோடு ஒட்டிவிடும் சிறு சுற்று ஒன்றை எழுதுங்கள். ஓபன்-தமிழ் என்ற நூலகத்தில் இதற்கென்றே ஆயத்தச் சார்பு உண்டு. ஆனாலும் ஒரு முறையாவது கையால் எழுதிப் பார்த்தால், உயிர்க்குறி எதுவென்பது உங்கள் கைக்குள் இருக்கும். அது உடனே பயன்படவும் போகிறது.

எப்படியென்றால், இப்போது எல்லா ஒலிகளும் ஒரே நீளத்தில் இருக்கின்றன. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று நமக்குத்தான் கணக்கு இருக்கிறதே. குறிலுக்கு 240 டிக், நெடிலுக்கு 480, புள்ளி வைத்த மெய்க்கு 120 என்று வைத்தால், 'கொதாமி' 240, 480, 240 என்று சரியாக ஒரு நொடியில் முடியும். அரைமாத்திரை என்று பெயர் வைத்துக்கொண்டு இதைச் செய்யாமல் விட்டால் எப்படி?

இன்னொன்று. அந்த முன்னிருப்பு 60ஐ நீக்கிவிடுங்கள். நிரல் நிற்கக் கூடாது என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் பிழையை இசையாக மாற்றி ஒலிக்கவிட்டதுதான் உங்களை இவ்வளவு நாள் அலைய வைத்தது. தெரியாத எழுத்து வந்தால் நிரல் நின்று, எந்த வரியில் எந்த எழுத்து என்று சொல்லட்டும்.

அரைமாத்திரை:

முதல் இரண்டு சிக்கல்களும் தீர்ந்தன. மாத்திரை நீளம் வந்த பிறகு, முதன்முறையாக என் மொழி பேசுவது போலக் கேட்டது. ஆனால் ஏற்ற இறக்கத்தைச் சேர்க்கப் போனபோது விழித்துக்கொண்டு நிற்கிறேன். சுருதியை ஏற்கெனவே மெய் முடிவு செய்துவிட்டதே. கூட்டல் குறி வந்தால் எதை ஏற்றுவது?

நள்ளிரவுத் தட்டச்சு:

இதை நிரல் பிழையாகப் பார்க்காதீர்கள். ஒரே சுருதிக்கு இரண்டு எசமானர்களை வைத்துவிட்டீர்கள். மெய் 64, 69, 65 என்கிறது. அது ஏறி இறங்குவதால், வெளிச்சம் என்ற பொருள் தற்செயலாகப் பொருந்திவிட்டது. வாய்க்கு வராத பெயரை உங்கள் நிரலால் ஒருநாளும் சொல்ல முடியாது.

இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது: சுரத்தின் பெயரை மெய் முடிவு செய்யட்டும், அது எந்த ஸ்தாயியில் ஒலிக்க வேண்டும் என்பதைக் குறி முடிவு செய்யட்டும். மிடியில் ஒரு ஸ்தாயி என்பது 12 எண்கள். கழித்தல் குறி வந்தால், முந்தைய ஒலியைவிடக் கீழே இருக்கும் வரை 12ஐக் கழியுங்கள். கூட்டல் குறிக்கு அதே முறையில் மேலே ஏற்றுங்கள். 'கொதாமி'யை இறக்கி ஏற்றினால் 64, 57, 65 என்று வரும். 57உம் 'த'தான், கீழ் ஸ்தாயித் தைவதம்.

மெட்டுக்கிறுக்கு:

இயக்கியின் மேல் பழி போட்டதற்கு முதலில் வருந்துகிறேன். இந்த முறை எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

ஸ்தாயி மாற்றும் வழி பேச்சுக்குப் போதும், பாட்டுக்குப் போதாது. தொடர்ந்து ஏற்றங்கள் வந்தால் குரல் தாங்காது. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால், 'மாமி' போன்ற சிறிய சொல்லுக்குக்கூட ஒரு முழு ஸ்தாயி தாவ வேண்டும். அதைவிடப் பெரிய குறை, ஒரு சொல் எங்கே வந்தாலும் அதே மெட்டில்தான் வரும் என்பது. நீங்கள் இசையமைக்க இடமே இல்லை, அகராதிதான் இசையமைக்கும்.

இந்த வழியில் முன்பே ஒருவர் நடந்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் சுத்ர் என்பவர் சோல்ரெசோல் என்ற மொழியை ஏழு சுரப்பெயர்களைக் கொண்டே அமைத்தார். அவர் 1862இல் இறந்த பிறகு, 1866இல் அதன் நூல் வெளிவந்தது. அந்தச் சுரங்களைச் சேர்த்துச் சொற்களை ஆக்கினார். சில சொற்களைத் திருப்பிப் போட்டால் எதிர்ப்பொருள் வரும்: 'தோமிசோல்' என்றால் கடவுள், 'சோல்மிதோ' என்றால் சாத்தான். அழகான ஏற்பாடுதான். ஆனால் சொற்களுக்கு இடையே நிறுத்தம் விடாவிட்டால் ஒரு சொல் எங்கே முடிகிறது என்று காதால் பிரிக்க முடியாது. உங்கள் நிரலிலும் அந்த நிறுத்தம் இல்லை. சொல் முடிந்ததும் அடுத்த ஒலியின் தொடக்கக் கட்டளைக்கு 0க்குப் பதிலாக 120 டிக் கொடுத்தால் போதும்.

தென் சீனாவில் பேசப்படும் கன்டோனீஸ் மொழிப் பாடல்களைக் கேட்டுப் பாருங்கள். அம்மொழியிலும் தொனி மாறினால் பொருள் மாறும். பாடலாசிரியர்கள் பெரும்பாலும் ஆயத்த மெட்டுக்குச் சொல் எழுதுகிறார்கள். ஒரு சொல்லிலிருந்து அடுத்ததற்குத் தொனி ஏறினால் மெட்டும் ஏறும்படி பார்த்துக்கொள்கிறார்கள். எவ்வளவு ஏறுகிறது என்பதை மெட்டு முடிவு செய்கிறது. எந்தத் திசையில் என்பதை மட்டுமே மொழி கேட்கிறது. சீனாவின் பொதுமொழியான மாண்டரின் பாடல்களில் இந்தக் கட்டுப்பாடு மிகத் தளர்வு; கேட்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறார்.

ஆகவே, நிரலைத் தலைகீழாகத் திருப்புங்கள் என்பதே என் யோசனை. மொழியிலிருந்து மெட்டைச் செய்யச் சொல்லாமல், மெட்டை நீங்களே போடுங்கள்; அது மொழியோடு எங்கே மோதுகிறது என்று நிரல் காட்டட்டும். ஒரு சொல்லுக்குள் அடுத்தடுத்த இரண்டு ஒலிகளின் எண்களைக் கழித்து, விடையின் குறியை உங்கள் கூட்டல் கழித்தலோடு ஒப்பிட்டால் வேலை முடிந்தது. விடை 0 ஆனால் எச்சரிக்கை மட்டும் போதும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஒப்பிட வேண்டாம். இசைக்கு மூச்சுவிட அந்த இடமாவது இருக்கட்டும்.

அரைமாத்திரை:

ஏழு மெய்யும் ஏழு சுரமும் என்ற பொருத்தத்தை விடுவதற்கு மனமில்லாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். இந்த மொழியைத் தொடங்கியதே அதை வைத்துத்தான். கடைசியில் இரண்டு நிலைகளாகப் பிரித்தேன். பேச்சு நிலையில் ஸ்தாயி மாற்றும் முறை அப்படியே ஓடுகிறது. பாட்டு நிலையில் மெய்க்குச் சுருதியில் பங்கு இல்லை.

முன்பே மெட்டுப் போட்டு வைத்திருந்த எட்டு வரிப் பாட்டு ஒன்றைச் சரிபார்க்கக் கொடுத்தேன். 63 இடங்களை ஒப்பிட்டு, 12 இடங்களில் எதிர்த்திசை என்று காட்டியது. அவற்றில் ஏழில் பொருள் மாறவில்லை, இல்லாத சொல்தான் உருவாகிறது. கேட்பவர் ஊகித்துவிடுவார் என்று விட்டுவிட்டேன். மூன்று இடங்களில் ஒரு சுரத்தை மாற்றியதும் சரியாகிவிட்டது.

மீதமிருந்த இரண்டும் ஆறாம் வரியில் ஒரே சொல்லில் இருந்தன. 'உன் பெயர் வாய்வரை வந்து நிற்கிறது' என்று நான் எழுதியிருந்த இடத்தில், மெட்டு ஏறி இறங்கி, 'உன் வெளிச்சம் வந்து நிற்கிறது' என்று பாடிக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று மாதமாக அந்த வரியை முணுமுணுத்து வருகிறேன், கவனிக்கவே இல்லை. மெட்டை மாற்றிப் பார்த்தேன், வரி சப்பென்று ஆகிவிட்டது. அதனால் மெட்டை அப்படியே வைத்துவிட்டு, எழுத்தில் கூட்டலையும் கழித்தலையும் இடம் மாற்றி, 'வெளிச்சம்' என்றே எழுதிவிட்டேன்.

புள்ளிக்காரன்:

அந்த ஏழு இடங்களையும் நிரலில் விலக்குப் பட்டியலாக எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை ஓட்டும்போது அவையே மறுபடியும் வந்து, புதிய பிழையை அவற்றுக்கு நடுவில் தேட வேண்டியிருக்கும்.

அரைமாத்திரை:

எழுதிவிட்டேன். இழையைத் தீர்ந்ததாகக் குறிக்கிறேன்.