முற்கட்டம், பிற்கட்டம்: லூட்டியல் கட்டத்துக்கு ஒரு சொல்

வணக்கம் நண்பர்களே,

கால்பந்து வீராங்கனைகளுக்கான பயிற்சிக் குறிப்பேட்டைத் தமிழாக்கும்போது, ‘லூட்டியல் கட்டம்’ (மாதவிடாய்ச் சுழற்சியில் கருமுட்டை வெளியேறியதிலிருந்து அடுத்த உதிரப்போக்கு வரையான பகுதி) வந்த இடத்தில் ‘மஞ்சட்சடலக் கட்டம்’ என்று எழுதியிருந்தேன். பொருள் சரிதான். கருமுட்டை வெளியேறியபின் சினைப்பையில் மிஞ்சும் மஞ்சள் நிறத் திசுவை வைத்து வந்த பெயர் அது. ஆனால் கோல்கீப்பர் பெண் ஒருத்தி அந்த வரியில் விரலை வைத்து, “சடலமா அக்கா?” என்று கேட்டாள். அன்றே அதை அடித்துவிட்டேன்.

முட்டை வெளியேறும் வரையான பகுதிக்கு ‘வளர்கட்டம்’, அதன்பின் வரும் லூட்டியல் பகுதிக்குத் ‘தேய்கட்டம்’ என்று இங்கே வந்த யோசனை காதுக்கு இனிமைதான். வளர்பிறை, தேய்பிறை போல உடனே மனதில் நிற்கிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. தேய்கட்டம் என்று படிக்கும் பெண், அந்த இரண்டு வாரமும் தன் பலம் குறைகிறது என்றுதான் எடுத்துக்கொள்வாள். உண்மை அப்படி இல்லையே! 78 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், திறன் மிகச் சிறிதளவு குறையக்கூடும் என்று தெரிந்தது உதிரப்போக்கின் முதல் சில நாட்களில்தான். அதாவது, நீங்கள் ‘வளர்கட்டம்’ என்று சொல்லும் பகுதியில். அதுவும் ஆளுக்கு ஆள் மாறும்.

‘முன்பாதி, பின்பாதி’யும் வேண்டாம். ஆட்டத்தின் பாதிகளோடு குழம்பும். தவிர, இவை சமபாதிகளும் அல்ல. பிந்தைய பகுதி பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டியே இருக்கும். நீள்வதும் குறுகுவதும் முந்தைய பகுதிதான். 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை வெளியேறுவதே 21ஆம் நாள் வாக்கில்.

சரி, என் பரிந்துரை: முற்கட்டம், பிற்கட்டம். நண்பகலை வைத்து முற்பகல், பிற்பகல் என்று பிரிப்பதுபோல, முட்டை வெளியேறும் நாளை வைத்துப் பிரிக்கிறோம். பிற்கட்டத்தில் புரொஜெஸ்ட்டிரோன் என்ற ஹார்மோன் கூடுவதால் உடல் வெப்பம் சுமார் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் ஏறும். வெயிலில் ஆடுபவர் தெரிந்துகொள்ள வேண்டியது இது. ஆனால் அதைக் குறிப்பேடு சொல்லட்டும், பெயரில் ஏற்ற வேண்டாம்.

முட்டை வெளியேறுவதைத் தடுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அவருக்குத் தனிப் பக்கம் வைத்திருக்கிறேன்.

அப்புறம், ஆடும் அளவுக்குச் சாப்பாடு போதாமல் மாதவிடாய் நின்றுபோகும் நிலைக்கு இப்போதைக்கு ‘மாதவிடாயின்மை’ என்று விட்டிருக்கிறேன். கர்ப்பத்திலும் மாதவிடாய் இல்லைதானே. எலும்பைப் பலவீனமாக்கும் இந்த நிலை அதிலிருந்து தனியாகத் தெரிய வேண்டும். காரணத்தையும் சேர்த்துச் சொல்லும் சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.