ஜிவர்னி பாலம் வாட்டர்கலரில்: பிரதிபலிப்பு ஏன் தண்ணீரில் உட்காரவில்லை?

நீர்க்கோடு:
வணக்கம். பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மொனேயின் ஜிவர்னி தோட்டத்து ஜப்பானிய பாணிப் பாலத்தை ஏ3 தாளில் வரைந்துகொண்டிருக்கிறேன். 300 ஜிஎஸ்எம் கனம், கோல்டு பிரஸ் (லேசாகச் சொரசொரப்பான தாள்). மாதிரிக்கு இருப்பது அண்மையில் எடுத்த ஒரு புகைப்படம். பாலத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பித் தண்ணீரில் வரைந்தால் இன்னொரு பாலம் தொங்குவதுபோல இருக்கிறது. பாலமும் பச்சை, பின்னால் இருக்கும் மரமும் பச்சை; இரண்டும் கலந்துவிடுகின்றன. அல்லி இலைகளோ நீர்மேல் படுக்காமல் நிமிர்ந்து நிற்கின்றன. பாலத்துக்குச் சிவப்பு அடித்தால் ஜப்பானியத் தோற்றம் வந்துவிடுமா என்றும் ஒரு யோசனை.

கோணமானி:
தலைகீழாகத் திருப்பியதில்தான் பிழை. நீங்கள் கரையில் நின்று பார்க்கும் பாலம் வேறு, தண்ணீர் காட்டும் பாலம் வேறு. உங்கள் கண் நீர்மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே அளவு நீருக்குக் கீழே ஒரு கண் இருந்தால் அதற்கு என்ன தெரியுமோ அதுதான் பிரதிபலிப்பு. ஆகவே அதில் பாலத்தின் அடிப்பலகையும் குறுக்குச் சட்டங்களும் தெரிய வேண்டும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். கண் நீருக்கு மேல் 1.6 மீட்டர், பாலத்தின் நடுவில் கைப்பிடி 2.5 மீட்டர் என்று வையுங்கள். முன் கைப்பிடிக்கும் பின் கைப்பிடிக்கும் நடுவே மேலே தெரியும் இடைவெளி, இரண்டு உயரங்களின் வித்தியாசமான 0.9-ஐப் பொறுத்தது. பிரதிபலிப்பில் அது கூட்டுத்தொகையான 4.1-ஐப் பொறுத்தது. அதாவது நான்கரை மடங்கு அகலம். மேலே ஏறக்குறைய ஒட்டியிருக்கும் இரு கைப்பிடிகளும் நீரில் நன்றாகப் பிரிந்து தெரியும். திருப்பி வரைந்தால் இந்தப் பிரிவு வராது. கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

வரையும்போது முன் கைப்பிடிக்கு நேர்கீழே நீர்மட்டத்தில் ஒரு மெல்லிய பென்சில் கோடு, பின் கைப்பிடிக்கு அதைவிடச் சற்று மேலே இன்னொரு கோடு. ஒவ்வொரு புள்ளியையும் அதனதன் கோட்டிலிருந்து சம தூரம் செங்குத்தாகக் கீழே இறக்குங்கள். பலரும் பாலத்தின் கால் கரையைத் தொடும் இடத்தையே கோடாக எடுத்துக்கொள்கிறார்கள். கரை நீரைவிட ஒரு சாண் உயரமாக இருந்தால்கூட, அந்த வித்தியாசம் பிரதிபலிப்பில் இரட்டிப்பாகும். இன்னொன்று: ஜிவர்னி பாலம் தட்டையான வளைவு. நீரில் சேர்ந்து முழு வட்டமாகாது, கண் வடிவம்தான் வரும். வட்டம் வேண்டுமென்றால் அரைவட்டத்தை ஒட்டிய செங்குத்தான வளைவு தேவை.

இலைகளுக்கும் இதே கணக்கு. அதே கண் உயரத்தில் 3 மீட்டர் தொலைவில் உள்ள வட்ட இலையின் உயரம் அகலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தெரியும். 15 மீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். தூரத்து இலைகளை ஒரே கிடைத்தீற்றலில் முடித்துவிடுங்கள். அங்கே முட்டைவடிவம் போட்டால் நிமிர்ந்துதான் நிற்கும்.

பச்சைமண்:
சிவப்பு வேண்டாம் என்பேன். ஒசாகாவின் சுமியோஷி கோயில் வளைவுப் பாலமும் நிக்கோவின் ஷின்க்யோ பாலமும் சிவப்புதான். ஆனால் மொனே தன் பாலத்துக்குப் பச்சை அடித்தார், ஓவியத்தின் இழையே அதில்தான் இருக்கிறது. 1893-இல் நிலம் வாங்கி, எப்ட் ஆற்றின் கிளையோடையிலிருந்து நீர் கொண்டுவந்து வெட்டிய குளம் அது. அவரிடம் இருநூறுக்கும் மேற்பட்ட ஜப்பானிய மர அச்சுப் படங்கள் இருந்தன. ஜப்பானிய அச்சுப்பட ஓவியர் ஹிரோஷிகே 1856-இல் வெளியிட்ட கமெய்தோ தென்ஜின் கோயில் படத்தைப் பாருங்கள்: விஸ்டீரியா என்னும் கொடியின் பூங்கொத்துகள் மேல் விளிம்பிலிருந்து பார்ப்பவர் முகத்துக்கு நேரே தொங்கும், முரசுப் பாலம் (செங்குத்தான வளைவுப் பாலம்) அதற்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும். மொனே 1899-இல் வரைந்த வரிசையிலும் பாலம் கருப்பொருளல்ல, காட்சிக்குச் சட்டகம். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ளது ஏறக்குறையச் சதுரம் (88 × 93 செ.மீ.). பாலம் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓடுகிறது, வானத்துக்கு இடமே இல்லை.

உங்கள் புகைப்படத்தில் பாலத்துக்கு மேல் விஸ்டீரியா பந்தல் இருக்கும். அது பின்னால் சேர்த்தது, 1899 ஓவியங்களில் கிடையாது. இப்போதுள்ள பாலமும் 1970-களில் மறுபடி கட்டியதுதான். பந்தலை விட்டுவிடுங்கள். வளைவுக்கு மேல் வளைவு, இரண்டுக்கும் பிரதிபலிப்பு என்று ஏ3-இல் நெரிசலாகிவிடும்.

பச்சைகள் கலப்பது நிறத்தால் அல்ல, அடர்த்தியால் (வெளிர், கரு என்ற அளவால்). போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். பாலம் காணாமல் போனால் பின்னணி போதுமான அளவு கருக்கவில்லை. பாலத்துக்கு விரிடியனும் (நீலம் கலந்த பச்சை) துளி கோபால்ட் நீலமும் நிறைய நீரும். பின்னால் உள்ள இலைத்திரளுக்கு விரிடியனோடு அலிசரின் கிரிம்சன் (கருஞ்சிவப்பு), கெட்டியாக. நடுத்தரப் பச்சைக்கு விரிடியனில் பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு). பிரதிபலிப்பில் வெளிர் நிறத்தை ஒரு படி கருக்கி, கருநிறத்தை ஒரு படி வெளிறவிடுங்கள். காலடிக்கு அருகில் நேர்கீழே பார்க்கும்போது நீர் 2 சதவீத ஒளியைத்தான் திருப்பி அனுப்பும், அதனால் அங்கே குளத்தின் சொந்த நிறமே தெரியும்.

நீர்க்கோடு:
மிக்க நன்றி, இருவருக்கும். கைப்பிடிகளை மாஸ்கிங் ஃப்ளூயிட் (வண்ணம் படாமல் தடுத்து, பிறகு உரித்தெடுக்கும் திரவம்) போட்டு மறைத்துக்கொள்ளலாமா?

பச்சைமண்:
வேண்டியதில்லை. கத்தி வெட்டியதுபோல விளிம்பு வரும். வெயிலிலோ ஹேர் ட்ரையர் சூட்டிலோ காய்ந்தால் தாளோடு பிய்ந்தும் வரும். மொனே எண்ணெய் வண்ணத்தில் கருநிறத்தின் மேல் வெளிர்நிறம் ஏற்றினார். நமக்கு அந்த வரிசை ஒத்துவராது. முதலில் தாள் முழுக்கப் பாலத்தின் வெளிர்நிறம், நன்றாகக் காய்ந்த பிறகு கைப்பிடிகளுக்கு இடையிலுள்ள ஓட்டைகளை மட்டும் கருநிறத்தால் நிரப்புங்கள். 6-ஆம் எண் உருண்டை பிரஷ் போதும், நுனி கூராக இருக்க வேண்டும்.

பொன்தாள்:
பிரதிபலிப்பே இல்லாத வழியும் ஒன்று உண்டு. ஜப்பானிய ஓவியர் ஒகாதா கோரின் 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வரைந்த யாத்சுஹாஷி திரைகள், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆறு மடிப்புத் திரைகள் இரண்டு. தங்கத் தகட்டுப் பின்னணி, நீல ஐரிஸ் பூக்கள், குறுக்கே கோணல் கோணலாகப் போகும் பலகைப் பாலம். நீருக்கு ஒரு கோடுகூடக் கிடையாது, ஆனாலும் சதுப்பு நிலம் என்று புரிந்துவிடுகிறது. அந்தப் பலகைகளின் திட்டுத்திட்டான நிறம் தராஷிகோமி முறை: முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே அடுத்த நிறத்தைச் சொட்டவிடுவது.

செய்து பார்க்க கோல்டு பிரஸ் தாளைவிட வழுவழுப்பான ஹாட் பிரஸ் நல்லது. மேடுபள்ளத் தாளில் நிறம் குழிகளில் தேங்கிப் புள்ளிப்புள்ளியாகும். தாளைப் படுக்கை வசமாக வையுங்கள். பூச்சின் மேல் நீர் தேங்கி நிற்காமல், மினுமினுப்பு மட்டும் இருக்கும் நேரத்தில் சொட்டுங்கள். முந்தினால் எல்லாம் கரைந்து ஒரே நிறமாகும். பிந்தினால் காலிஃப்ளவர் போலச் சுருள் விளிம்பு கட்டும். சொட்டும் நிறம் அடியிலுள்ளதைவிடக் கெட்டியாக இருக்கட்டும், சொட்டிய பிறகு பிரஷால் தொடாதீர்கள்.