எஃப்எஃப்எம்பெக் (வீடியோ மாற்றும் மென்பொருள்) கம்பைல் ஆக மாட்டேன் என்கிறது, யாராவது பாருங்களேன்

கடலூர் தேவனாம்பட்டினம் மாசி மகத் தீர்த்தவாரி வீடியோக்கள் கேம்கார்டர் எம்டிஎஸ் ஃபைல்களாக டிஸ்க்கை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன, அவற்றை எக்ஸ்265 என்ற வீடியோ என்கோடர் வைத்துச் சுருக்கலாம் என்று பழைய லேப்டாப்பில், உபுண்டு 20.04-இல், எஃப்எஃப்எம்பெக்கை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்கிறேன். உபுண்டுவின் ஆப்ட் பேக்கேஜ்களிலேயே ரெடியாக இருக்கிறதே என்பீர்கள். அதில் எஃப்டிகே ஏஏசி என்ற ஆடியோ என்கோடர் கிடையாது, லைசென்ஸ் தகராறு. சரி, எக்ஸ்265 லைப்ரரியை ஹோம் ஃபோல்டரில் ஸ்டேட்டிக்காக (புரோகிராமுக்குள்ளேயே சேரும்படி) பில்ட் செய்து, அது இருக்கும் இடத்தையும் (பாத்) கொடுத்தாயிற்று. லைப்ரரி எங்கே என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக்கைக் கேட்டால் வெர்ஷன் நம்பரை ஒழுங்காகச் சொல்கிறது, ஆனால் எஃப்எஃப்எம்பெக்கின் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் மட்டும் 'எக்ஸ்265 நாட் ஃபவுண்ட்' என்று அடம்பிடிக்கிறது. எஃப்எஃப்பில்ட் ஃபோல்டரில் இருக்கும் லாகைத் திறந்தால் கடைசியில் வரிசையாக பீத்ரெட் (த்ரெட் லைப்ரரி) 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்'. பிகேஜி-கான்ஃபிக்குக்கு ஸ்டேட்டிக் ஃப்ளாகும் எக்ஸ்ட்ரா லிப்ஸில் பீத்ரெட்டும் கொடுத்தால் போதுமா, இல்லை ஷேர்டாக (தனி லைப்ரரி ஃபைலாக) மறுபடி பில்ட் செய்ய வேண்டுமா? இதைச் செய்து முடித்தவர்கள் உங்கள் கான்ஃபிகர் வரியை அப்படியே போடுங்கள், புண்ணியமாகப் போகும்.