ஓர் ஆண்டுக்கு எத்தனை தோட்டா? நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

ரப்பர்விளை, குலசேகரம்

சென்ற ஆண்டு காதில் விழுந்த ஓர் எண் இன்னமும் என்னை விடாததால் எழுதுகிறேன். மகள் இங்கிலாந்தில் செவிலியராக இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது, பக்கத்து வீட்டிலிருக்கும் ஓய்வு பெற்ற தச்சர் ஒரு ஞாயிறு காலையில் என்னைத் தட்டு சுடும் மைதானத்துக்கு, அதாவது இயந்திரம் வானில் எறியும் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டு உடைக்கும் இடத்துக்கு, அழைத்துச் சென்றார். இயந்திரம், பறக்கும் தட்டு, இரட்டைக் குழல் எல்லாம் இங்கே எழுதுபவர்களுக்குத் தெரிந்தவையே. அவர் சுட்டு முடித்துத் துப்பாக்கியை மடித்துத் திறந்ததும் இரண்டு காலித் தோட்டாக்கள் புகையோடு தோளுக்கு மேலே எகிறி என் செருப்பருகே விழுந்தன. பழக்க தோஷத்தில் நான் குனிந்து பொறுக்கப் போனேன். அவர் மூலையிலிருந்த டிரம்மைக் காட்டினார். சிவப்பும் நீலமுமாக இடுப்பளவுக்குக் காலித் தோட்டாக்கள் அதில் கிடந்தன. ஆண்டுக்கு எவ்வளவு சுடுவீர்கள் என்று கேட்டேன். "வாரம் ஒரு தடவை வருவேன், ஒரு தடவைக்கு நூறு, நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்" என்றார். ஏறத்தாழ ஐயாயிரம். அவர் எந்தப் போட்டிக்கும் போகிறவர் அல்லர். தோட்டா வாங்கக் கடைக்காரரிடம் துப்பாக்கிச் சான்றிதழைக் காட்டினால் போதும், ஆண்டுக்கு இத்தனைதான் என்ற உச்சவரம்பு கிடையாது என்றும் சொன்னார்.

எங்கள் பாட்டாவிடம் 25 தோட்டா கொண்ட ஒரே ஒரு பெட்டிதான் எப்போதும் இருக்கும். காகித உறை போட்ட பழைய தோட்டாக்கள். ஆனி, ஆடிச் சாரலில் உறை உப்பிப்போனால் குழலுக்குள் நுழையாது. ஆகவே வெயில் கண்டவுடன் முற்றத்தில் பாய் விரித்து, அவற்றை வரிசையாக அடுக்கி, எங்களைக் கிட்டே அண்டவிடாமல் காவல் இருப்பார். அந்தப் பெட்டி பல ஆண்டுகள் காலியாகவே இல்லை.

சுடுதளத்து வேலைக்காரன், மார்த்தாண்டம்

அண்ணாச்சி, ஐயாயிரம் என்பது பொழுதுபோக்குக்காரரின் கணக்கு. அதைக் கண்டு மலைத்தால் மற்றவர்களுடைய கணக்கை என்ன சொல்வீர்கள்? வளைகுடாவில் ஒரு சுடுதளத்தில் இயந்திரக் குழியில் தட்டு நிரப்புவதுதான் என் வேலையாக இருந்தது. ட்ராப் என்பது சுடுபவருக்கு முன்னாலுள்ள குழியிலிருந்து தட்டுகள் விலகிப் பறக்கும் போட்டி. ஒலிம்பிக் ட்ராப் குழியில் 15 இயந்திரங்கள் இருக்கும்; ஆறு பேர் கொண்ட அணி ஒரு சுற்று முடிப்பதற்குள், ஆளுக்கு 25 வீதம் 150 தட்டுகள் பறந்துவிடும். தகுதிச் சுற்றில் ஒருவருக்கு 125 தட்டுகள். முதல் குண்டு தவறினால் இரண்டாவது குழலையும் பயன்படுத்தலாம் என்பதால் தோட்டா அதைவிடக் கூடுதலாகவே செலவாகும். இரு பக்கக் கூடுகளிலிருந்து தட்டு பறக்கும் ஸ்கீட் போட்டியில் ஒரு தட்டுக்கு ஒரே தோட்டாதான்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வாங்கிய, ஒரே நேரத்தில் இரண்டு தட்டுகள் பறக்கும் டபுள் ட்ராப் போட்டியை நினைத்துப் பாருங்கள். தங்கம் வென்ற துபாயின் ஷேக் அகமது அல் மக்தூம் 189 தட்டுகளையும், ராத்தோர் 179 தட்டுகளையும் உடைத்தார்கள். எறியப்பட்டவை ஆளுக்கு 200. அந்த ஒரு போட்டிக்கே 200 தோட்டா என்றால், அதற்கு முன் பயிற்சியில் கரைந்தது எவ்வளவு இருக்கும்?

குழிக்குள் இருப்பவனுக்குச் சுடுபவரின் முகம் தெரியாது. தட்டை அழைக்கும் குரலும் வெடிச் சத்தமும் மட்டுமே கேட்கும். ஒரு நாள் மாலை எல்லோரும் போன பின்னும் ஒரே குரல் கேட்டுக்கொண்டிருந்ததால் மேலே ஏறிப் பார்த்தேன். பதினாறு வயது இருக்கலாம் அந்தப் பையனுக்கு. துப்பாக்கிக் கட்டை இடித்து இடித்து வலது கன்னம் வீங்கியிருந்தது. அவனுடைய தந்தை பழச்சாற்றுப் பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்து அதில் ஒற்றிவிட்டு, 250 தோட்டா அடங்கிய அடுத்த அட்டைப்பெட்டியைத் தாமே கிழித்துத் திறந்தார். அந்த மாதிரி பையன்களுக்கு ஆண்டுக் கணக்கு பத்தாயிரத்தைத் தாண்டிப் போகும். அந்தத் தந்தை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதுதான் எனக்கு மறக்கவில்லை.

மரச்சீனி விவசாயி, கடையால்

குலசேகரத்து நண்பரின் பாட்டா மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் தோட்டாவை வெயிலில் காயவைத்ததைப் பெருமையாக எழுதியிருக்க வேண்டாம். வெடிமருந்துக்கு ஈரம் எவ்வளவு பகையோ அவ்வளவு பகை வெப்பமும். நிழலில், காற்றுப் புகாத தகரப் பெட்டியில், சமையலறைக்கும் ஓட்டுக்கூரைக்கும் தள்ளி வைப்பதே முறை. உப்பிய தோட்டாவை உலர்த்தி மறுபடி பயன்படுத்தவே கூடாது. விற்பனையாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

என் அனுபவம் சிறியது. லைசென்ஸ் வைத்திருக்கிறேன். ஆண்டில் ஒரு பெட்டி வாங்கினால் அதிகம். ஒரு முறை கடைக்காரர் கண்ணாடி மேசையில் தோட்டாக்களை இரண்டிரண்டாக நிறுத்தி எண்ணி, லைசென்ஸ் புத்தகத்தில் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்திட்டபோது, பக்கத்தில் நின்ற ஓர் இளைஞர், "இவ்வளவுதானா அண்ணாச்சி? நான் இணையத்தில் பார்ப்பவர்கள் ஒரே காலையில் இதைப்போல நான்கு மடங்கு சுடுகிறார்களே" என்றார். நான் பதில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

நம் நாட்டில் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது ஆசையன்று, லைசென்ஸில் எழுதியுள்ள அளவு. ஒரே நேரத்தில் எவ்வளவு வைத்திருக்கலாம், ஓர் ஆண்டில் எவ்வளவு வாங்கலாம் என இரண்டு கணக்குகள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன, லைசென்ஸ் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீண்டது. விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை பயிற்சித் தோட்டா அளவைக் கணிசமாக உயர்த்தியது. ஆகவே தட்டு சுட விரும்புபவர் அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தில் சேர்ந்து அந்த வழியில்தான் போக வேண்டும். விவசாயி லைசென்ஸில் விளையாட்டுக் கணக்கை எதிர்பார்ப்பது வீண். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால், ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். இன்னொன்று: விளையில் மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கைக் கிண்டும் பன்றியைச் சுடத்தானே இந்தத் துப்பாக்கி என்று எண்ணிவிடாதீர்கள். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சி அமைப்புகள் லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டு சுடலாம். எல்லைக்கு இந்தப் பக்கம், 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடுவதும் வனத்துறையினரின் வேலையே.

குளக்கரை, தேரூர்

எல்லோரும் எண்ணிக்கையைப் பேசுகிறீர்கள், ஒருவரும் எடையைப் பேசவில்லை. ஒலிம்பிக் தோட்டாவில் 24 கிராம் ஈயச் சில்லு, அதாவது சிறு ஈய உருண்டைகள், இருக்கிறது. மார்த்தாண்டத்து அண்ணன் சொன்ன 125 தட்டுக்கு, இரண்டாவது குண்டைச் சேர்க்காமலே மூன்று கிலோ. அந்தத் தச்சரின் ஐயாயிரமும் அதே வகை என்று வைத்துக்கொண்டால் 120 கிலோ ஈயம். ஒரே மனிதர், ஒரே ஆண்டு.

பறவை பார்க்கப் போன ஒரு காலையில், கோடையில் வற்றிய குளத்து ஓரச் சேற்றில் பச்சைப் பூத்த பழைய தோட்டாவின் பித்தளை மூடி ஒன்று கிடைத்தது. காகித உறை எப்போதோ கரைந்துபோயிருந்தது. அங்கே மாடு கட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் காட்டினேன். "அது தாரா (வாத்து) சுட வந்தவியளுக்கது மக்கா, அப்பமெல்லாம் கேப்பாரு கிடையாது" என்றார். 1972 வனவுயிர்ச் சட்டத்துக்கு முந்தைய காலத்தைச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். மூடி கையில் இருக்கிறது. அதிலிருந்து போன சில்லுகள் எங்கே? வாத்துகள் இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும்போது ஈயச் சில்லையும் சேர்த்து விழுங்கி, நஞ்சேறிச் சாகின்றன. இதனாலேயே இங்கிலாந்தில் 1999 முதல் வாத்துகளைச் சுட ஈயச் சில்லுக்குத் தடை இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் ஈரநிலங்களில் தடை. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சேற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது அரித்துப் பார்த்தார்களா?

சுடுதளத்து வேலைக்காரன், மார்த்தாண்டம்

தேரூர்த் தம்பியின் கணக்கு சரிதான். ஆனால் தளத்தில் சுடும் ஈயமெல்லாம் மண்ணோடு போய்விடுவதில்லை. சில்லு எங்கே விழும் என்பது தெரிந்த இடம் என்பதால், நாங்கள் வேலை செய்த இடத்தில் மேல் மணலை வண்டியில் அள்ளி, சல்லடையில் போட்டு அரித்து, ஈயத்தைப் பழைய உலோகக்காரருக்கு எடைக்கு விற்றார்கள். நானும் மண்வெட்டி பிடித்திருக்கிறேன். அரை வாளி சில்லைத் தூக்கும்போதே கைப்பிடிக் கம்பி வளைந்துவிடும். குளத்தில் சுட்டதை அப்படி அள்ள வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.