12 இஞ்ச் ஷெட்யூல் 40: இரண்டு கையேடு, இரண்டு தடிமன். எதை நம்புவது?

வெட்டாறு கேட்டது:

வணக்கம். நாகப்பட்டினம் பக்கம் ஒரு ஒப்பந்தக்காரரிடம் பைப்பிங் வேலை பார்க்கிறேன். எங்கள் ஸ்பூல் (முன்கூட்டியே வெட்டி வெல்டிங் செய்த குழாய்த் துண்டு) எல்லாம் துவாக்குடியில் ஒரு பட்டறையில் தயாராகி லாரியில் வருகிறது. அவர்கள் மேசையில் ஒரு பாக்கெட் கையேடு கிடக்கிறது, எங்கள் சைட் ஆபீசில் வேறொன்று. இரண்டும் ஒத்துப்போகவில்லை.

12 இஞ்ச் கார்பன் ஸ்டீல் குழாயில் ஷெட்யூல் 40க்கு (ஷெட்யூல் என்பது சுவர்த் தடிமனின் வகை எண்) அவர்கள் புத்தகத்தில் 9.53 மி.மீ., எங்களுடையதில் 10.31. 6 இஞ்ச் 600 கிளாஸ் (அழுத்த வகை) ஃபிளேஞ்ச், அதாவது குழாய் முனைகளைப் போல்ட் போட்டு இணைக்கும் வளையத்தின் தடிமன் ஒன்றில் 47.7, இன்னொன்றில் 54.7. முக்கால் இஞ்ச் லாங் ரேடியஸ் எல்போவின் (குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டு) மையத்திலிருந்து முனை வரையிலான அளவு ஒன்றில் 29, மற்றதில் 38.

மேலே கேட்டால், "ரெண்டும் அச்சான புத்தகம்தானே, பெரிய நம்பரை எடுத்துக்கோ" என்கிறார்கள். எல்போவில் பெரிய நம்பரை எடுத்தால் குழாயைக் குறைத்து வெட்ட வேண்டி வருமே! ஒரிஜினல் ஸ்டாண்டர்டு வாங்கச் சொன்னால் விலையைக் கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்கள். இந்தக் கையேடுகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கொள்ளிடம் ஃபிட்டர்:

எல்போவுக்கு மட்டும் நான் சொல்கிறேன். 29 பழைய அளவு, 38 புதிய அளவு. எல்போ போன்ற ஃபிட்டிங்குகளுக்கான பி16.9 ஸ்டாண்டர்டிலேயே மாறியது. பழைய பதிப்பைப் பார்த்துப் போட்ட புத்தகத்தில் 29 இருக்கும், அது தப்பில்லை, காலாவதி. ஸ்டோரில் பழைய சரக்கும் புதுச் சரக்கும் ஒரே பெட்டியில் கிடக்கும். புத்தகத்தை மூடிவிட்டு, கையில் இருக்கும் எல்போவை அளந்து குழாயை வெட்டுங்கள். துபாயிலும் அப்படித்தான் செய்தோம், மன்னார்குடியிலும் அப்படித்தான்.

குத்தாலம் டிராயிங் மேசை:

தம்பி, நீங்கள் கொடுத்த மூன்றில் ஒன்றுகூட அச்சுப்பிழை இல்லை. சங்கடமே அதுதான். அச்சுப்பிழையாக இருந்தால் சுலபமாகப் பிடித்துவிடலாம்.

12 இஞ்சை எடுத்துக்கொள்வோம். ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) வெளியிடும் குழாய்த் தரமான பி36.10 படி ஷெட்யூல் 40 என்றால் 10.31தான். 9.53 என்பது 'ஸ்டாண்டர்டு' தடிமன். துருப்பிடிக்காத குழாய்க்கான பி36.19இல் 40எஸ் என்று வருவதும் அதே 9.53. 10 இஞ்ச் வரை இந்த மூன்றும் ஒரே எண்தான். அதனால் கையேடு தொகுப்பவர் இடத்தை மிச்சம் பிடிக்க மூன்றையும் ஒரே பத்தியில் அடைத்து, தலையில் '40' என்று மட்டும் போட்டுவிடுகிறார். 12இல் அவை பிரிவதைச் சொல்ல ஒரு அடிக்குறிப்பு வேண்டும். சுருக்கும்போது முதலில் பலியாவது அடிக்குறிப்புதான். உங்கள் பட்டறைப் புத்தகத்தில் நடந்திருப்பது அதுவாகத்தான் இருக்கும். ஷெட்யூல் 80இல் இது இன்னும் மோசம். 8 இஞ்ச் வரை ஒன்றாகப் போய், 10 இஞ்சில் ஷெட்யூல் 80 என்றால் 15.09, 80எஸ் என்றால் 12.70. 12 இஞ்சில் 17.48க்கும் 12.70க்கும் இருக்கும் தூரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு 'எஸ்' விழுந்ததற்கு இந்த விலை.

எடையை வைத்து அட்டவணையைச் சோதிப்பது நல்ல பழக்கம். வெளிவிட்டத்தில் தடிமனைக் கழித்து, தடிமனால் பெருக்கி, 0.02466ஆல் பெருக்கினால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 6 இஞ்ச் ஷெட்யூல் 40க்கு 168.3, 7.11 போட்டால் 28.26. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த காப்பியில் 8 தேய்ந்து 23.26 என்று நின்றால் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். ஃபிளேஞ்சில் போல்ட் ஓட்டை நான்கின் மடங்காகத்தான் வரும். 10 என்று கண்டால் அச்சுப்பிழை, சந்தேகமே வேண்டாம்.

ஆனால் உங்கள் 9.53ஐ இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். 323.8 வெளிவிட்டத்துக்கு 73.86 கிலோ வரும். பட்டறைப் புத்தகத்தின் எடைப் பத்தியிலும் அதை ஒட்டித்தான் இருக்கும். கணக்கு உதைக்கவே உதைக்காது. எண்ணெல்லாம் சரி, மேலே எழுதியிருக்கும் பெயர்தான் தப்பு. கையேட்டில் நான் பயப்படுவது இந்த ரகத்துக்குத்தான். 0.78 மி.மீ.தானே என்று விடவும் முடியாது. மில் டாலரன்ஸ் (ஆலையில் தயாரிக்கும்போது மெலிய அனுமதிக்கும் அளவு) 12.5 சதவீதம் போய், அரிமானத்துக்கு 3 மி.மீ. ஒதுக்கினால், 10.31இல் 6.02 மிஞ்சும், 9.53இல் 5.34தான். அழுத்தத்தைத் தாங்குவது அந்த மிச்சம்.

ஃபிளேஞ்ச் விஷயத்தில் இரண்டு புத்தகமும் சரி. ஃபிளேஞ்ச் தரமான பி16.5இல் 150, 300 கிளாஸ் தடிமனில் 2 மி.மீ. ரெய்ஸ்டு ஃபேஸ் (கேஸ்கெட் உட்காரும் உயர்ந்த முகம்) அடக்கம். 400 முதல் மேலே 7 மி.மீ. ரெய்ஸ்டு ஃபேஸ் அடக்கமில்லை. 47.7 என்பது ஸ்டாண்டர்டு சொல்வது. 54.7 போட்டவர் 7ஐத் தானே கூட்டி வைத்திருக்கிறார். ஸ்டட் (இரு முனையிலும் நட்டு ஏறும் போல்ட்) நீளம் போடும் ஆள் எந்தப் புத்தகம் என்று தெரியாமல் இன்னொரு 7 கூட்டுவார், அல்லது கூட்டாமல் விடுவார். ஜாயின்ட்டுக்கு இரண்டு ஃபிளேஞ்ச், ஆக 14 மி.மீ. வித்தியாசம். குறைந்தால் நட்டு முழுசாக ஏறாது. ஷட்டவுன் நடுவில் அதைக் கண்டுபிடிக்கிற சுகம் இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம்.

பெரிய நம்பரை எடு என்று சொன்னவரிடம் இந்த ஃபிளேஞ்சைக் காட்டுங்கள்.

வெண்ணாறு:

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இரண்டு கையேடு ஒத்துப்போனால் அது சரி என்றும் ஆகிவிடாது. ஒரே கிணற்றுத் தண்ணீரை இரண்டு குடத்தில் மொண்டு ருசி ஒத்துப்போகிறது என்பது போலத்தான். இது இன்று வந்த வியாதியும் இல்லை. 1628இல் விளாக் என்ற டச்சுக்காரர் வெளியிட்ட லாகரிதம் அட்டவணையில் இருந்த அதே ஆறு பிழைகள், சீனாவில் அச்சான ஓர் அட்டவணையிலும் அப்படியே இருந்தன. கணித்தவருக்குத் தனியாக அதே ஆறு இடத்தில் தப்பு வருமா? காப்பி அடித்தது அதிலேயே தெரிந்துவிட்டது. சார்லஸ் பாபேஜ் கணக்குப்போட இயந்திரம் கட்டக் கிளம்பியதே இந்த அட்டவணைப் பிழைகளில் நொந்துபோய்த்தான்.

சூத்திரங்களிலும் பதிப்பைப் பாருங்கள். ஆலைக் குழாய்களுக்கான பி31.3இன் தடிமன் சூத்திரத்தில் பழைய புத்தகங்களில் 'டபிள்யூ' (வெல்டு வலிமைக் குறைப்புக் காரணி) இருக்காது, பிறகு சேர்ந்தது. சாதாரண வெப்பத்தில் அதன் மதிப்பு 1 என்பதால் உங்களுக்கு விடை மாறாது. ஆனால் வயல் நடுவே போகும் எரிவாயு லைனுக்கு பி31.3 சூத்திரத்தைப் போட்டால் கோடே (விதித்தொகுப்பே) மாறிவிட்டது. அதற்கு பி31.8.

வெட்டாறு:

எல்லோருக்கும் நன்றி. பட்டறைப் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். குத்தாலம் சார் சொன்னதுதான்: பத்தியின் தலைப்பு '40' மட்டும், எடை 73.8. அட்டைக்குள் பதிப்பு ஆண்டே இல்லை. இப்போது என் கவலை வேறு. அந்தப் புத்தகத்தைப் பார்த்து ஏற்கெனவே குழாய் வாங்கியிருந்தால்? அப்புறம், ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தரங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றனவே, அதை வைத்து ஒப்பேற்ற முடியாதா?

குத்தாலம் டிராயிங் மேசை:

ஐ.எஸ். 1239 லைட், மீடியம், ஹெவி என்று பேசுகிற வேறு குடும்பம். ஷெட்யூல் குழாய்க்கு அது ஆகாது.

குழாய் வந்திருந்தால் டெஸ்ட் சர்டிபிகேட்டில் தடிமன் என்ன எழுதியிருக்கிறது, ஹீட் நம்பர் (எஃகை உருக்கிய தொகுதியின் எண்) குழாயில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அதோடு அல்ட்ராசோனிக் கேஜ் வைத்து ஒவ்வொரு முனையிலும் சுற்றி நாலு இடத்தில் அளவு எடுங்கள். 10.31 குழாய் 9.02 வரை மெலிந்திருக்க அனுமதி உண்டு. 9.4 என்று ஒரே ஒரு அளவு வந்தால் எந்தக் குழாய் என்று தீர்ப்பு சொல்ல முடியாது. அதனால்தான் நாலு இடம், அதனால்தான் சர்டிபிகேட்.

ஒரிஜினல் ஸ்டாண்டர்டு உங்களிடம் இல்லாவிட்டாலும் கிளையன்ட்டிடம் இருக்கும். இரண்டு பக்கத்தின் படத்தையும் இணைத்து ஒரு டெக்னிக்கல் கொயரி போடுங்கள். பதில் எழுத்தில் வரட்டும், வாய்மொழி வேண்டாம். இனிமேல் மெட்டீரியல் பட்டியலில் ஷெட்யூல் எண்ணுக்குப் பக்கத்தில் மி.மீ.யையும் எழுதுங்கள்: '12 இஞ்ச், ஷெட்யூல் 40, 10.31'. யாருடைய மேசையில் எந்தப் புத்தகம் இருந்தாலும், பட்டியலும் புத்தகமும் இடித்துக்கொண்டால் ஆர்டர் போவதற்கு முன்பே யாராவது போன் செய்து கேட்பார்கள்.

வெட்டாறு:

சரி சார். கேஜ் துவாக்குடியில் இருக்கிறதாம். கொயரி இன்றைக்கே போகிறது.