அப்பாவுக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன் எங்கே எடுக்கலாம்?

வணக்கம். களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோனைக் குறைக்கும் ஊசி போடுகிறார்கள். நோய் அடங்கியிருக்கிறது, அதில் பெரிய நிம்மதி. ஆனால் வலை இழுத்த கைகள் மெலிந்துவிட்டன. திடீர் திடீரென்று உடம்பு சுட்டு வியர்க்கிறது, இரத்தமும் குறைவு.

அந்த ஹோர்மோன் ஆண்மைக்கு மட்டும் உரியதல்ல. சிவப்பணுக்கள் உருவாகச் சிறுநீரகத்தையும் எலும்பு மச்சையையும் அது தூண்டுகிறது. அதில் ஒரு பகுதி உடலுக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோனாக மாறி எலும்பைக் காக்கிறது. குறைந்தால் உடம்பில் கொழுப்பு கூடும், சீனியும் ஏறலாம்.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்சா ஸ்கேன் எடுக்க முடியுமா? செலவு எவ்வளவு? இதே ஊசி போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், கிளினிக்கில் கல்சியம், விற்றமின் டி தந்தார்களா, என்ன உடற்பயிற்சி சொன்னார்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேட்க வேண்டும்.